ஏட்டு வேகமும் குழல் வேகமும்

1935-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் தோட்டாவுக்கான ரிவால்வரை வெளியிட்டது. அந்தத் தோட்டாவின் 158 கிரெய்ன் எடையுள்ள குண்டு விநாடிக்கு 1,500 அடிக்கும் கூடுதலான வேகத்தில் பாயும் என்று விளம்பரங்கள் முழங்கின. இன்று அதே எடைக் குண்டு பொருத்திய .357 மேக்னம் தோட்டாவுக்கு அமெரிக்க நிறுவனங்களின் பட்டியல்களில் வழக்கமாகக் காணப்படும் வேகம் 1,235 அடி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் 1935-இன் குண்டு இன்றைய குண்டைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் கொண்டிருந்திருக்க வேண்டும்.

இரண்டு எண்களிலும் பொய் இல்லை. முதல் எண் 8¾ அங்குல நீளக் குழலில் அளந்தது. அக்காலத் தோட்டாவுக்குள் எழுந்த அழுத்தமும் இன்றைய வரம்பைவிடக் கூடுதல். இரண்டாவது எண் 4 அங்குலக் குழலில் அளந்தது. அந்தக் குழலில் வேண்டுமென்றே ஓர் இடைவெளியும் விடப்பட்டிருக்கிறது. ரிவால்வரில் சுழலும் சிலிண்டருக்கும் அசையாத குழலுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளி எப்போதும் உண்டு. குண்டு அதைக் கடக்கும்போது வாயுவின் ஒரு பகுதி பக்கவாட்டில் பீறிட்டு வீணாகும். அந்த இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் சோதனைக் குழலில் 0.008 அங்குல, அதாவது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். இந்த முறை வந்தபோது .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழக்கமான 158 கிரெய்ன் ஈயக்குண்டுக்குப் பட்டியலில் இருந்த 855 அடி 755 அடியாக இறங்கியது. தோட்டா பலவீனமாகிவிட்டதாகச் சிலர் நினைத்தார்கள். மாறியது அளந்த குழல்தான்.

பட்டியலில் உள்ள எண் தங்கள் துப்பாக்கியில் உண்மையாகிறதா என்பது மிகவும் கவலை தரும் கேள்வியாக இருப்பது, தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்களுக்கு. அமெரிக்காவில் இது பழைய பழக்கம். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறை தோட்டாவில் விலை கூடிய பாகம்; அதைப் பலமுறை பயன்படுத்தலாம். மருந்துக்குத் தீ மூட்டி எரிந்துபோன ப்ரைமரைத் தள்ளி எடுத்து, உறையைப் பழைய அளவுக்கு அமுக்கி, புதிய ப்ரைமரைப் பொருத்தி, தராசில் நிறுத்த மருந்தைப் போட்டு, மேலே குண்டை அமர்த்தினால் புதிய தோட்டா தயார். எவ்வளவு மருந்து என்பதற்கு லைமன், ஹார்னடி, ஸ்பியர், சியரா போன்ற நிறுவனங்களின் கையேடுகள் இருக்கின்றன. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, தொடக்க அளவு எது, உச்ச அளவு எது, ஒவ்வொன்றிலும் கிடைத்த வேகம் எவ்வளவு என்று அவை பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுத் தருகின்றன. இங்கே எடையின் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். தராசில் ஒரு கிரெய்னின் பத்தில் ஒரு பங்கு தவறுவதையும் இவர்கள் சும்மா விடுவதில்லை.

ஏட்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டுமானால் வேகத்தை அளக்க வேண்டும். பாயும் குண்டின் வேகத்தை நம்பகமாக அளந்து காட்டிய முதல் மனிதர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்த கணிதர். 1742-இல் வெளியான ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூலில் அவர் தம் கருவியை விளக்கினார்: மரப்பலகை பதித்த கனமான இரும்பு ஊசல். குண்டு பலகையில் புதைந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடும். அதனுடன் சேர்ந்து இழுபடும் நாடாவின் நீளம் ஆட்டத்தின் அளவைச் சொல்லும். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்ற விதி தெரிந்தால் மீதி வெறும் பெருக்கல் கணக்கு. அவருடைய ஊசலின் எடை சுமார் 56 பவுண்டு, குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது குண்டைவிட ஊசல் ஏறக்குறைய 670 மடங்கு கனம். கண்ணால் பின்தொடர முடியாத ஒரு வேகத்தை, விநாடிக்கு இரண்டு மூன்று அடி என்ற நிதானமான ஆட்டமாக மாற்றிவிட்டார்.

அவர் கண்டது அக்காலப் பீரங்கிக்காரர்களின் நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. முக்கால் அங்குல ஈயக்குண்டு குழல் வாயிலிருந்து 25 அடி தூரத்தில் விநாடிக்குச் சுமார் 1,670 அடி வேகத்தில் இருந்தது; 125 அடி தூரத்தில் அது 1,425 ஆகக் குறைந்துவிட்டது. வெறும் நூறு அடிக் காற்று இவ்வளவு வேகத்தை உறிஞ்சுகிறது என்றால், அந்தக் காற்றின் எதிர்ப்பு குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். குண்டு காற்றில் தடையின்றிப் போவதாக எண்ணிப் போட்டிருந்த வீச்சு அட்டவணைகள் எல்லாம் இதனால் பயனற்றுப்போயின. லியோனார்ட் ஆய்லர் 1745-இல் இந்நூலை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்தார்.

ராபின்ஸின் கடைசிக் காலம் தமிழ் மண்ணில் கழிந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்துச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னைக் கோட்டையைப் பறிகொடுத்து, உடன்படிக்கையில் திரும்பப் பெற்றிருந்த நேரம் அது. கோட்டைகளை வலுப்படுத்த ஆள் தேவைப்பட்டது. 1750-இல் வந்து சேர்ந்த ராபின்ஸ், சென்னைக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். 1751 ஜூலை 29 அன்று அந்தக் கடலூர்க் கோட்டையிலேயே காய்ச்சலில் இறந்தார். குண்டின் வேகத்தை அளக்கும் எவருக்கும் முன்னோடியான அந்த மனிதருக்குக் கடலூரில் நினைவுக்குறிப்பு ஒன்று அவசியம் வைக்கப்பட வேண்டும்.

ஊசலுக்குப் பிறகு மின்சாரம் வந்தது. 1860-களில் பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாஞ்சே, குண்டு இரண்டு கம்பிகளை அடுத்தடுத்து அறுக்கும்போது மின்காந்தங்கள் விடுவிக்கும் இரண்டு தண்டுகளைக்கொண்டு நேரத்தை அளந்தார். விழும் தண்டு எவ்வளவு இறங்கியது என்பதே கடந்த நேரம். அந்தக் கருவி பீரங்கிச் சோதனைத் திடல்களில் நெடுங்காலம் உழைத்தது. சாதாரண ஆளின் கைக்கு இந்த வசதி எட்டியது 1960-களுக்குப் பிறகுதான். டெக்ஸாஸின் ஆஸ்டினில் கென் ஓலர் என்ற பொறியாளர் உருவாக்கிய கருவிகள் வானத்தின் வெளிச்சத்தைப் பின்னணியாக வைத்து, மேலே கடக்கும் குண்டின் நிழலை ஒளி உணரிகளால் பிடித்தன. முதல் உணரியில் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும்.

எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் தவறு நுழையும் வழிகளைப் பார்த்தால்தான் அளவையின் அருமை புரியும். உணரிகள் இரண்டு அடி இடைவெளியில் இருக்க, குண்டு விநாடிக்கு 1,000 அடி வேகத்தில் போனால் இடையில் ஓடும் நேரம் ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஓர் அடி வேக வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் கடிகாரம் இரண்டு மைக்ரோ விநாடியை அறிய வேண்டும். அது இன்று எளிது. சிக்கல் உணரிகளைத் தாங்கும் சட்டத்தில் இருக்கிறது. உணரிகளின் இடைவெளி அரைக்கால் அங்குலம் பிசகியிருந்தாலே ஒவ்வொரு அளவிலும் அரை விழுக்காடு, அதாவது ஐந்து அடி தவறு ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடும். நூறு முறை சுட்டுச் சராசரி எடுத்தாலும் அது போகாது. சூரியன் பக்கவாட்டில் அடித்தால் குண்டின் பளபளப்பு நிழலைக் கெடுக்கும். உள்ளரங்கின் மினுங்கும் விளக்குகள் உணரியை ஏமாற்றும். கருவியைக் குழல் வாய்க்கு மிக அருகில் வைத்தால் குண்டுக்கு முன்னால் பாயும் வாயுவே கடிகாரத்தைத் தொடக்கிவிடும். அதனால் பத்துப் பதினைந்து அடி தள்ளி வைப்பது வழக்கம். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் 1926-இல் தொடங்கிய தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ, 15 அடி தூரத்து வேகத்தையே தன் தரமாக வைத்திருக்கிறது. ஓலரின் புகழ்பெற்ற 35பி கருவியில் மூன்று உணரிகள். ஒரே குண்டுக்கு அது இரண்டு வேகங்களைக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த அளவைச் சந்தேகிக்கச் சொல்லும். தன் மேலேயே ஐயம் கொள்ளத் தெரிந்த கருவி அது. இப்போது டாப்ளர் ரேடார் சிறு பெட்டியாகத் துப்பாக்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வெளிச்சம் பற்றிய கவலை இல்லாமல் குண்டைப் பின்தொடர்கிறது.

சரி, கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. கையேடு 1,100 என்கிறது. தன் துப்பாக்கியில் 1,040 தான் வருகிறது. என்ன பொருள்?

பெரும்பாலும் குழல்தான். 2008-இல் அமெரிக்க ஆர்வலர்கள் சிலர் பலவகைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு 18 அங்குலச் சோதனைக் குழல்களை வாங்கி, ஒவ்வோர் அங்குலமாக அறுத்து 2 அங்குலம் வரை குறைத்துக்கொண்டே வேகத்தை அளந்தார்கள். குட்டைக் குழல்களில் ஓர் அங்குலம் போனால் வேகம் சடசடவென இறங்கியது. நீளமான குழல்களில் அந்த ஓர் அங்குலம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கைத்துப்பாக்கிகள் எல்லாம் இந்தச் சரிவான பகுதியில்தான் இருக்கின்றன. நீளம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரே நிறுவனம் செய்த இரண்டு துப்பாக்கிகள் 50 அடி வரை மாறுபடுவது அதிசயமில்லை. தோட்டா உட்காரும் அறை சற்றே தாராளமாக இருக்கலாம், குழலின் உள்விட்டம் மயிரிழை கூடலாம், ரிவால்வரின் இடைவெளி அகன்றிருக்கலாம். சில கையேடுகள் துல்லியமான சோதனைக் குழலில் அளக்கின்றன. சில கையேடுகள் கடையில் கிடைக்கும் துப்பாக்கியில் அளந்து அதன் பெயரையும் குழல் நீளத்தையும் அச்சிடுகின்றன. அட்டவணையின் தலைப்பில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் பாதி அட்டவணையைத்தான் படிக்கிறார்.

.38 ஸ்பெஷலில் இன்னொரு வேடிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரிமருந்துக்காக வடிவமைத்த உறை அது. கரிமருந்து உறையை நிரப்பி நிற்கும். இன்றைய புகையிலா மருந்தோ அடியில் கொஞ்சம் கிடக்கும். மேலே எல்லாம் வெற்றிடம். துப்பாக்கியை மேல்நோக்கி உயர்த்திப் பிறகு தாழ்த்திச் சுட்டால் மருந்து ப்ரைமரை ஒட்டிக் கிடக்கும், தீ சட்டெனப் பற்றும். கீழ்நோக்கிச் சாய்த்துப் பிறகு நிமிர்த்திச் சுட்டால் மருந்து குண்டின் பக்கம் ஓடிவிடும். சில மருந்துகளில் இந்த ஒரு வேறுபாடே விநாடிக்கு 100 அடிக்கு வந்துவிடுகிறது. ஒரே பெட்டித் தோட்டா, ஒரே துப்பாக்கி, ஒரே நாள். கையேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

இனி எண்ணிக்கை. ஐந்து தோட்டா சுட்டுச் சராசரி எடுத்து, மருந்தைச் சற்றுக் கூட்டி இன்னோர் ஐந்து சுட்டு, சராசரி 15 அடி கூடியதைக் கண்டு மகிழ்பவர்கள் ஏராளம். தோட்டாக்களுக்கு இடையே திட்ட விலக்கம் 15 அடி என்று கொண்டால், ஐந்தின் சராசரியில் உள்ள நிச்சயமின்மை சுமார் 7 அடி. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தில் அது 9 அடிக்கு மேல். 15 அடி உயர்வு தற்செயலாகவே வந்திருக்கக்கூடும். திட்ட விலக்கத்தின் நிலை இதைவிட மோசம். ஐந்து தோட்டாக்களில் அது 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு 6 முதல் 28-க்கும் மேல் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். டப்ளினின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், சிறிய மாதிரிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்தை 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய ஆய்வுரையில் கணக்காக்கிக் காட்டினார். பார்லியின் தரத்தை மதிப்பிட எழுந்த அந்தக் கணிதம் தோட்டாவுக்கும் அப்படியே பொருந்தும். மிகப் பெரிய வேகத்துக்கும் மிகச் சிறிய வேகத்துக்கும் உள்ள வீச்சைப் பெருமையாகச் சொல்வதும் ஏமாற்றுவதே. தோட்டாவில் எந்த மாற்றமும் இல்லாமலே ஐந்து சுட்டால் அந்த வீச்சு திட்ட விலக்கத்தைப்போல் சராசரியாக 2.3 மடங்கு, இருபது சுட்டால் 3.7 மடங்கு.

இதையெல்லாம் விட்டுவிட்டு, ஏட்டில் உள்ள வேகத்தை எட்டியே தீருவேன் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பெரிய ஆபத்து. இங்கே தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்: கையேட்டின் உச்ச அளவு வேகத்துக்கு விதித்த எல்லை அன்று, அழுத்தத்துக்கு விதித்த எல்லை. 9 மிமீ லூகர் தோட்டாவுக்கு எஸ்ஏஏஎம்ஐ வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .45 ஏசிபிக்கு 21,000, .38 ஸ்பெஷலுக்கு 17,000. ஆய்வகங்கள் அதைப் படிக உணரிகளால் அளக்கின்றன. அதற்கு முன்பு ஆண்ட்ரூ நோபிள் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறைப்படி, செம்பு உருளை ஒன்று எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தார்கள். வீட்டில் தோட்டா நிரப்புபவரிடம் இவை எதுவும் இல்லை. குழலுக்குள் குண்டு இருக்கும் அரை மில்லி விநாடியில் நடப்பதைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே செய்தி, வெளியே வரும் வேகம்.

அந்தச் செய்தி முழுமையானதும் அன்று. வேகத்தைத் தருவது அழுத்தத்தின் உச்சி அல்ல. குண்டு நகரும் தூரம் முழுக்க அழுத்தம் செய்த மொத்த வேலை. தேரின் வடத்தை ஒரே வெட்டில் இழுத்தாலும், சீராக இழுத்துக்கொண்டே போனாலும் தேர் அதே வேகத்தை எட்டலாம். முதல் முறையில் வடம் தாங்கும் விசை மிக அதிகம். சீக்கிரம் எரியும் மருந்தும் மெதுவாக எரியும் மருந்தும் அப்படித்தான். ஆனால் மருந்து, குண்டு, உறை, துப்பாக்கி எல்லாம் மாறாதபோது ஒன்று நிச்சயம்: கூடுதல் வேகம் இலவசமாக வராது. உச்ச அளவை எட்டும் முன்பே கையேட்டின் உச்ச வேகம் வந்துவிட்டால், உச்ச அழுத்தமும் வந்துவிட்டதாகவே கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும். வேகம் குறைவாக இருப்பதோ, இன்னும் போடலாம் என்ற அனுமதி ஆகாது. தளர்ந்த குழல் கொண்டவருக்கு 1,040 தான் கிடைக்கும் என்றால் அதுவே அவருடைய முழு வேகம்.

அழுத்தம் எவ்வளவு திடீரென எகிறும் என்பதற்கு ஸ்பியர் கையேடு பதிவுசெய்த சோதனை ஒன்று போதும். 9 மிமீ லூகரின் உறை சிறியது. குண்டை வழக்கத்தைவிட வெறும் 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் ஆழமாக அமர்த்தினார்கள். மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. செம்பு உருளை முறையில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000 ஆயிற்று. ஒரே எடையுள்ள இரண்டு நிறுவனக் குண்டுகளை மாற்றிப் போடும்போது நீளம் வேறாக இருந்தால் உள்ளே இதே கதை நடக்கும். எடை ஒன்றுதானே என்று ஒரு குண்டின் அட்டவணையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கையேடுகள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஏட்டு வேகத்துக்கு மதிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு: ஐபிஎஸ்சி போட்டிகள். 1976-இல் மிசௌரியின் கொலம்பியாவில் தொடங்கிய இந்தப் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடும் அமைப்பு, போட்டியாளர்கள் வலுவில்லாத தோட்டாவைப் போட்டு எளிதாகச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு காரணியை வைத்திருக்கிறது. குண்டின் கிரெய்ன் எடையை விநாடி-அடி வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டானால் 1,009 அடி, 147 கிரெய்ன் ஆனால் 851 அடி. எட்டாவிட்டால் சுடலாம், மதிப்பெண் கிடையாது. அதனால் அனுபவசாலிகள் சரியாக 125-இல் நிற்பதில்லை. குளிரில் மருந்தின் வேகம் குறையும், போட்டி நடத்துவோரின் கருவி தம் கருவியோடு ஒத்துப்போகாது என்று கருதி 128, 130 என்று கொஞ்சம் மேலே வைத்துக்கொள்கிறார்கள். சிலர் மருந்தை மாற்றும் முன் அதே குழலில் இருபது முப்பது தோட்டாக்களைச் சுட்டு அளந்துகொண்டு வருகிறார்கள். இது சரியான வழி.

சோதனை இப்படி நடக்கிறது. போட்டியாளரிடமிருந்து எட்டுத் தோட்டாக்களை அதிகாரிகள் எடுக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுக்கிறார்கள். மூன்றை அவருடைய துப்பாக்கியிலேயே சுட்டுச் சராசரி பார்க்கிறார்கள். எட்டாவிட்டால் இன்னும் மூன்று. ஆறில் மிகுந்த வேகம் கொண்ட மூன்றின் சராசரி கணக்கில் வரும். அதுவும் போதவில்லை என்றால் எட்டாவது தோட்டா மிஞ்சியிருக்கும். அதையும் சுட்டு வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதா, பிரித்து நிறுத்து, குண்டு முதல் குண்டைவிடக் கொஞ்சமேனும் கனமாக இருக்குமா என்று பார்ப்பதா என்பதைப் போட்டியாளரே முடிவுசெய்துகொள்ளலாம்.